சேர் கேட்ட சைக்கிள் பாதை

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரமாக, நான் ஒரு பார்மசி நடத்துகிறேன். அதுவரை காரில் வந்து மருந்து வாங்கியவர்களெல்லாம் அப்போது சைக்கிளில் வரத் தொடங்கியிருந்தார்கள். வங்கி மனேஜர் ஒருவர் டை கட்டிக்கொண்டு, தன் மகளின் சிவப்புச் சைக்கிளில் வந்து இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் சேர். கணிதம் படிப்பிப்பவர். என் கடையைத் தாண்டி இரண்டாவது ஒழுங்கையில் மாலை வகுப்பு வைத்திருந்தார். கிருலப்பனையில் வீடு. அந்த நாட்களில் பெற்றோலைப் போலவே மருந்துக்கும் தட்டுப்பாடு. அவருடைய அம்மாவின் பிரஷர் மாத்திரைக்காக நான் பத்து இடத்துக்குப் போன் பண்ணித் தேடிக் கொடுத்திருக்கிறேன். அதிலிருந்து என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

பெற்றோல் திரும்ப வந்தது. சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வீட்டு மூலைக்குப் போயின. சேர் மட்டும் விடவில்லை. ஒருநாள் ஒரு பைலோடு கடைக்கு வந்தார். வீதியின் ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு பாதை கோடு போட்டுத் தரவேண்டும், அதில் வாகனம் நிறுத்தக்கூடாது என்று மாநகர சபைக்கு எழுதிய மனு அது.

"என்ர வகுப்புப் பிள்ளையளில கொஞ்சப்பேர் இன்னும் சைக்கிள்லதான் வருகினம், அக்கா. ஓரத்தில நிப்பாட்டின காருகளைச் சுத்தி நடு றோட்டுக்குப் போகினம், எனக்குப் பயமாக் கிடக்கு. ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. வாசலில் கார் நிறுத்த முடியாவிட்டால் என் வியாபாரம் அடுத்த கடைக்குப் போய்விடும் என்பதுதான் என் ஒரே நினைப்பு.

அடுத்த மாதம் எங்கள் பகுதிக் கடைக்காரர்களின் கூட்டம். சேர் தானாகவே வந்து, பேச ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினார். அவர் முடித்ததும் முதலில் எழும்பியது நான்தான். மருந்து எடுக்க வருகிற வயது போனவர்கள் காரை எங்கே விடுவது என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் தலையாட்டிய உற்சாகத்தில், "சேர், சைக்கிள் ஓடுறதெண்டா யாழ்ப்பாணத்துக்குப் போங்கோ, அங்க வீட்டுக்கு வீடு சைக்கிள்தானே. இது கொழும்பு" என்றேன்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. சேரும் சிரித்தார். பிறகு தன் தாள்களை அடுக்கி பைலுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

அதன் பிறகும் கடைக்கு வந்தார். மாத்திரை வாங்கினார், "வாறன் அக்கா" என்று சொல்லிப் போனார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலரை மணி. வழக்கமாக வரும் ஒருவர், காரை எங்கே விடுவது என்று போனில் கேட்டார். "கடை வாசலிலேயே விடுங்கோ அங்கிள், அஞ்சு நிமிஷந்தானே" என்றேன். அவர் காரை விட்டுவிட்டு உள்ளே வந்து டொக்டரின் மருந்துத் துண்டை நீட்டினார். நான் மருந்தை எடுக்கத் திரும்பும்போது வெளியே பிரேக் அடிக்கும் சத்தமும், தகரம் நசிகிற சத்தமும் கேட்டன.

அந்தக் காரைச் சுற்றிக்கொண்டு போக சேர் நடு வீதிப் பக்கம் விலகியிருக்கிறார். பின்னால் வந்த பஸ் இடித்துவிட்டது.

கையில் அகப்பட்ட பஞ்சையும் பண்டேஜையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். காதோரத்தால் இரத்தம் வந்தது. தலையை என் மடியில் தாங்கி, காயத்தை அழுத்திப் பிடித்தேன். கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டார்.

"அக்கா, பிள்ளையள் அஞ்சு மணிக்கு வந்திடுவினம். இண்டைக்கு வகுப்பு இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ."

அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. ஒரு சிங்கள முச்சக்கர வண்டிக்காரர், "நகின்ன அக்கே, நகின்ன" என்று ஏறச்சொல்லி அவசரப்படுத்தி எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வகுப்பு இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல என் கடையில் வேலை செய்யும் பெண்ணை அனுப்பினேன். மூன்றாம் நாள் சேர் இறந்துபோனார்.

செத்த வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மாமிக்கு மாத்திரை தேடிக் கொடுத்த அக்கா என்று உறவினர்களுக்கெல்லாம் என்னைக் காட்டினார். என்னால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடியும் வரை என்னால் ஒழுங்காகத் தூங்க முடியவில்லை. அது முடிந்த மறுவாரம் சேர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். சேரின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடிக்காமலே சொன்னேன்.

"அந்தக் கார் என்ர கடைக்கு வந்தது. நான்தான் வாசல்ல விடச் சொன்னனான். அதுக்கு முதல், கூட்டத்திலயும் நான்தான் சேரை எதிர்த்துக் கதைச்சனான்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "கூட்டத்தில நடந்தது தெரியும் அக்கா. அண்டைக்கே வந்து சொன்னவர். சாப்பிடாமப் படுத்திட்டார்" என்றார்.

"பிறகேன் என்னோட இவ்வளவு அன்பாக் கதைச்சனீங்கள்?"

"றோட்டில எத்தனையோ பேர் நிண்டு பாத்தவையாம். நீங்கதானே அவரை மடியில தூக்கினனீங்கள்."

அதற்கு மேல் என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. அவரும் அழுதார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சேரின் பைலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதில் நாற்பதுக்குக் கிட்டக் கையெழுத்துகள் இருந்தன. அநேகமானவை பிள்ளைகளின் பெற்றோருடையவை. கடைக்காரர்களின் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. முதலாவதாக நான் வைத்தேன். பிறகு கடை கடையாக ஏறி இறங்கினேன். சிலர் சேரின் முகத்துக்காக வைத்தார்கள். துணிக்கடைக்காரர் ஒருவர் பைலைத் திறக்கவே இல்லை. "சைக்கிள் ஓட யாழ்ப்பாணத்துக்குப் போகச் சொன்னது நீங்கதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அது அங்கே எல்லோரும் சொல்லும் பகிடியாகவே ஆகிவிட்டிருந்தது. ஓம், நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு படியிறங்கினேன்.

மாநகர சபைக்கு நான்கு தடவை போய்விட்டேன். வீதி அகலம் போதாது என்கிறார்கள், கடிதம் மேலே போயிருக்கிறது என்கிறார்கள். என் வாசலில் கார் நிறுத்த நான் இப்போது விடுவதில்லை. பழைய வாடிக்கையாளர்கள் சிலர் வருவதை விட்டுவிட்டார்கள். நான் மறித்தால் கார் பக்கத்துக் கடைக்கு முன்னால் போய் நிற்கிறது. சைக்கிளில் வருகிறவர்கள் இன்றும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

தன் பிள்ளைகளின் உயிருக்குப் பயந்து ஒரு மனிதர் கேட்டதை, என் வாசலை நினைத்து நான் மறுத்தேன். அதற்கு ஈடாக என்னால் செய்ய முடிந்தது இந்தப் பைலோடு அலைவது மட்டும்தான். அது ஒருநாளும் போதாது என்று தெரிந்துகொண்டேதான் அலைகிறேன்.