சம்பளம் வாங்காத துரைசாணி

நான் வளர்ந்த பிள்ளைகள் விடுதி, மதுரையில் கோரிப்பாளையத்துக்கு வடக்கே, அழகர் மலைக்குப் போகிற சாலையில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் நடத்திய விடுதி. அங்கே சீமையிலிருந்து வந்த துரைசாணிகள் இரண்டு பேர் இருந்தார்கள். பெரிய துரைசாணி கிழவி. வந்து பல காலம் ஆனவள். சின்னத் துரைசாணி புதிது. சின்னவள் சம்பளம் வாங்குவதில்லை. அதை அவள் சொல்லாத நாளும் இல்லை.

சம்பளம் வாங்குகிறவளை ஒரு வார்த்தை சொல்லலாம். சோறு குழைந்துபோனால் சமையல்காரியை நாங்கள் கிழித்துவிடுவோம், அவளும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள், அதோடு போய்விடும். சம்பளம் வாங்காதவளை யார் என்ன சொல்வது? வாயைத் திறந்தால் நன்றி கெட்ட ஜென்மம் என்றாகிவிடும். வட்டி வாங்குகிறவன்கூட ஒருநாள் கணக்கை முடிப்பான். இவள் கணக்கு முடியாது. இது எனக்குச் சின்ன வயதிலேயே விளங்கியது. மெத்தப் படித்தவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

அவள் எங்களுக்குச் செய்த சேவை என்னவென்றால், எங்களை மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். மூக்கு ஒழுகுகிற பிள்ளையாகப் பார்த்துத் தூக்குவாள். ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருந்தாள், படம் பிடிக்கிற பெட்டி. அதை வாசல் காவல்காரர் ராவுத்தர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவாள். மூக்கைத் துடைத்துவிடப் போகிற ஆயாவைக் கையமர்த்துவாள். படம் பிடித்த பிறகு ஆயாதான் துடைப்பாள். ராவுத்தர் கோரிப்பாளையத்துக்காரர். "நம்ம பயலுக மூக்குச்சளி கப்பலேறிச் சீமைக்குப் போகுதுடீ. நான் ஆத்தைத் தாண்டிப் போயே மாசமாச்சு" என்பார்.

எங்கள் எல்லோரையும் அநாதை என்றே அவள் நினைத்திருந்தாள். அப்படி நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். நான் அநாதை இல்லை. என் அப்பன் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அடுத்தடுத்து மழை இல்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கிணறுகளில் தரை தெரிந்தது. ஆத்தா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அந்த விடுதியில் விட்டாள். விட்டாள், அவ்வளவுதான். கொடுத்துவிடவில்லை.

எங்கள் ஊர் ஜனம் மதுரைக்கு வண்டி கட்டுவது வருஷத்துக்கு ஒரு தரம், அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு. ஆத்தாவும் அன்றைக்குத்தான் வருவாள். சாமியைப் பார்த்துவிட்டு, திரும்புகிற வழியில் எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த வாகை மரத்தடியில் வந்து நிற்பாள். ராவுத்தர் என்னைக் கூப்பிட்டு விடுவார். புளிச்சோறும் கருப்பட்டியும் தின்றுவிட்டு உள்ளே வந்துவிடுவேன். போன தரம் வந்தபோது ஆத்தா சொல்லியிருந்தாள்: "இந்தத் தரம் மழை நல்லா விழுந்துச்சுன்னா, அடுத்த அழகருக்கு உங்க மாமனோட வாரேன். கூட்டிக்கிட்டுப் போயிருவேன். சாமிக்கும் வேண்டியிருக்கேன்." மழை விழுந்தது. விடுதிக் கிணற்றில் தண்ணீர் ஏற ஏற நான் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சித்திரையில் வெயில் பொறுக்காமல் பெரிய துரைசாணி கோடைக்கானல் மலைக்குப் போய்விட்டாள். விடுதி சின்னவள் கையில். திருவிழாக் கூட்டத்தில் காலரா வரும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். வரும்தான், பொய்யில்லை. அதற்காக அவள் செய்த காரியம், அழகர் இறங்குகிற அன்று வாசலைப் பூட்டி, எங்களைப் பெரிய அறையில் அடைத்து, ஜன்னல்களையும் சாத்திவிட்டாள். தலைக்குக் காகிதத்தில் கிரீடம் செய்து மாட்டினாள். எனக்குச் சிவப்பு நாடா வைத்துச் சடை பின்னினாள். அவள் ஊர்ப் பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டு சுற்றிவரச் சொன்னாள். வேர்த்து ஊற்றிக்கொண்டு சுற்றினோம்.

"எங்க ஆத்தா இன்னைக்கு வரும்" என்றேன்.

அவள் தமிழை ஒரு முன்ஷி வைத்துப் படித்தவள். ஏட்டில் இருப்பதுபோலத்தான் பேசுவாள். குனிந்து என் கன்னத்தைத் தொட்டு, "குழந்தாய், வருந்தாதே. உன் அன்னை நானே அல்லவா?" என்றாள்.

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அவளுக்கு உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்குக் கண்ணீர் எப்போதும் தயாராக இருக்கும். மற்றப் பிள்ளைகள் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவளைத் தேற்றப் போய்விட்டார்கள்.

உச்சிப்பொழுது தாண்டி வாசலில் கொட்டுச் சத்தம் கேட்டது. கூடவே சலங்கைச் சத்தம். என் மாமன் குரல், "ஏண்ணே ராவுத்தரண்ணே, கதவத் தொறங்க!"

நான் ஓடினேன். கிரீடம் வழியில் விழுந்தது. துரைசாணி என் பின்னாலேயே ஓடி வந்தாள். ராவுத்தர் அதற்குள் வாசலில் ஒரு கதவைத் திறந்திருந்தார்.

அங்கே நின்றவர்களை அவள் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மாமன் அழகருக்கு வேஷம் கட்டியிருந்தார். இடுப்பில் சிவப்புச் சல்லடம், தலையில் சரிகை வைத்த நெட்டைக் குல்லா, காலில் சலங்கை, தோளில் ஆட்டுத் தோல் பை. அந்தப் பையில் தண்ணீர் நிரப்பி, சாமி வருகிற வழியெல்லாம் பீய்ச்சிக்கொண்டே வருவார்கள். சாமியின் சூடு தணிய வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த நேர்த்திக்கடன். அவருக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை, மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம், முகம் வெயிலில் கன்றி இருந்தது. அவர்களுக்குப் பின்னால் எங்கள் ஊர்க் கூட்டம்.

துரைசாணி கொள்ளைக்காரர்கள் வந்துவிட்டதாக நினைத்தாள். "நில்லுங்கள்! நீங்கள் யாவர்?" என்றாள்.

மாமனுக்கு அவள் கேட்டது விளங்கவில்லை. வெள்ளைக்கார அம்மா வெயிலில் சிவந்து போய் நிற்கிறாளே என்று, "இந்தா தாயி, சாமித் தண்ணி" என்று அவள் மேல் ஒரு பீய்ச்சு பீய்ச்சினார். அவள் போட்ட கூச்சலில் கொட்டடிக்கிறவன் நிறுத்திவிட்டான். எங்கள் ஊர்ப் பெண்கள் சேலையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

நான் ஆத்தாவைத் தேடினேன். அந்த மொட்டைத் தலையைத் தாண்டித் தாண்டிப் பார்த்தேன். என் ஆத்தாவுக்கு முடி இடுப்பு வரைக்கும் இருக்கும். அந்த ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

துரைசாணி அதைக் கண்டுகொண்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து, மொட்டை அடித்தவளைக் காட்டி, "இப்பெண்மணியை நீ அறிவாயா?" என்று கேட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். "பார்த்தீர்களா? குழந்தை இவளை அறியாள்! இவள் சித்தம் கலங்கியவள். அப்பாலே செல்லுங்கள்!"

அப்போது அந்த மொட்டைத் தலை பேசியது.

"ஏண்டி, வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற? மசுரு போனா ஆத்தா போயிருவாளா? ஒன்னயக் கூட்டிப் போறதுக்குத்தாண்டி சாமிக்குக் குடுத்தேன்!"

எனக்கு உயிர் வந்தது. "ஆத்தா!" என்று கத்தினேன். துரைசாணி பிடியை விடவில்லை. இறுக்கினாள். பெரிய துரைசாணி மலையிலிருந்து இறங்கி வரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றாள். அவள் எப்போது இறங்குவாள்? சித்திரை போய், வைகாசி போய், வெயில் தாழ்ந்த பிறகு. இவர்கள் வண்டியோ ஆற்றங்கரையில் மாடு பூட்டி நிற்கிறது. இப்போது விட்டால் இனி அடுத்த அழகருக்குத்தான். ஆத்தா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"காவலாளியே, இவர்களை விரட்டிக் கதவைப் பூட்டு" என்றாள் துரைசாணி.

ராவுத்தர் தாடியைச் சொறிந்தார். பிறகு மடியிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அம்மா, நான் வாசல் பாக்கச் சம்பளம் வாங்குறேன். பெத்தவள வெரட்டுறதுக்கு எனக்கு யாரும் சம்பளம் குடுக்கல. நீங்கதான் சம்பளமில்லாமச் செய்யிறவுகளாச்சே. இந்தாங்க, நீங்களே பூட்டுங்க."

எங்கள் ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. சாவியை வாங்க ஒரு கை வேண்டும், என்னைப் பிடிக்க ஒரு கை வேண்டும், கண்ணீரைத் துடைக்க ஒரு கை வேண்டும். அவள் கண்ணீருக்கே முதல் கையைக் கொடுத்தாள். மற்றக் கை தானாகத் தளர்ந்தது. நான் உருவிக்கொண்டு வெளியே வந்து, ஆத்தாவின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது, சுட்டது.

துரைசாணி வாசல்படியிலேயே உட்கார்ந்து விம்மினாள். "என் அன்பெல்லாம் வீணாயிற்றே" என்றாள். உள்ளே இருந்த பிள்ளைகள் வந்து அவளைச் சுற்றி நின்று, முறை வைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டார்கள். அவள் கப்பலேறி வந்தது இதற்குத்தான். வேர்த்துப்போய், காகிதக் கிரீடத்தோடு, அந்தச் சேவையை அதுகள்தான் அவளுக்குச் செய்தன. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ராவுத்தருக்கு மட்டும் கும்பிடு போட்டேன். "போயிட்டு வாடீ. அடுத்த தரம் எனக்கும் கருப்பட்டி கொண்டா" என்றார்.

வண்டியில் ஏறியதும் மாமன் என் சடையிலிருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்து மாட்டுக்கொம்பில் கட்டினார். "ஏக்கா, அந்த அம்மா அம்புட்டுத் தூரம் கடல் தாண்டி வந்து நம்ம பிள்ளையப் பிடிச்சுக்கிட்டு அழுகுதே. அதுக்குப் பெத்தவுக கிடையாதா?" என்று ஆத்தாவிடம் கேட்டார்.

ஆத்தா மொட்டைத் தலையில் சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இருந்தா விடுவாகளா? அநாதையா இருக்கும். பாவம்" என்றாள்.

ஆத்தா இரக்கப்படுகிறவள். நான் அன்றைக்கும் இரக்கப்படவில்லை. கால் நீட்டிப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். வண்டி அலங்காநல்லூர் பாதையில் திரும்பியது.