வெயில் தெரியாத மனிதர்

பொங்கலூர்ப் பக்கம் ரோட்டோரத் தோட்டத்தில் பம்புசெட் ஓடுகிற சத்தம் கேட்டுவிட்டால், அய்யூப் பாய்க்கு அதற்குமேல் வண்டி ஓடாது. வேப்பமர நிழலில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். சட்டையைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவார். பனியனைக் கழற்றி வாய்க்காலில் முக்கி, பிழிந்தும் பிழியாமலும் சொட்டச் சொட்ட மாட்டிக்கொண்டு, மேலே சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டுவார். தோட்டக்காரர் அப்புசாமி மடையைத் திருப்பிக்கொண்டே, "எங்க கெணத்துத் தண்ணியில பாதி உங்க பனியனோட வெள்ளகோவில் போயிருதுங்க பாய்" என்பார். பாய் சிரித்துக்கொண்டே வண்டியை உதைப்பார்.

திருப்பூர் காதர்பேட்டையிலிருந்து பனியன் மாதிரிகளைக் கான்வாஸ் பையில் கட்டிக்கொண்டு, பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் என்று கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிப்பது அவர் தொழில். நாற்பது வயது. பட்டாளத்து ஏலத்தில் வந்த பழைய பி.எஸ்.ஏ. வண்டி. சித்திரை வைகாசியில் மத்தியான நேரத்துக்கு அந்த ரோட்டில் காக்கை குருவி இருக்காது, பாய் இருப்பார். அதற்கென்று ஒரு வைத்தியமே வைத்திருக்கிறார். தொப்பிக்குள் வேப்பிலை. சட்டைப் பையில் இரண்டு சின்ன வெங்காயம். வழியில் காப்பி கிடையாது, உப்புப் போட்ட மோர்தான். தண்ணீரை மடமடவென்று குடிக்கிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபமே வந்துவிடும். "வாயில வெச்சு மெல்லணுமுங்க. அப்பத்தான் ஒடம்புல நிக்கும்." எல்லாவற்றுக்கும் மேல் இந்த ஈரப் பனியன். அதுவும் வெளுத்த பனியனாக இருக்க வேண்டும். "வெளுக்காத கோராத் துணி தண்ணி குடிக்காதுங்க. வெளுத்ததுதான் குடிக்கும். மேல காத்துப் பட்டுதுன்னா ஊட்டிக்கே போன மாதிரிங்க."

இவ்வளவும் கெட்டிக்காரத்தனம். கிறுக்குத்தனம் ஒன்றும் உண்டு. பின்னால் யாரையாவது ஏற்றிக்கொண்டால், கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி, அவர் பிடரியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "தலை கிறுகிறுங்குதுங்களா? மறைக்காமச் சொல்லுங்க." பிடரி சுட்டால் தீர்ந்தது. கல்யாணத்துக்குப் போகிறவரானாலும் சரி, துணிமணியோடு நனைத்துத்தான் மறுபடி ஏற்றுவார். பாய் வண்டியில் ஏறுவதற்குப் பதில் நீந்தியே போய்விடலாம் என்று மார்க்கெட்டில் கேலி பேசுவார்கள். கேலி பேசுகிறவர்களுக்கு நஞ்சப்பன் கதை பாதிதான் தெரியும்.

நஞ்சப்பன் கட்டிங் மாஸ்டர். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் பனியன் மடிக்கிற வேலைக்குச் சேர்ந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அறுபத்துமூன்றாம் வருஷத்து அக்கினி நட்சத்திரத்தில் நஞ்சப்பனுக்கு மூலனூர்ப் பக்கம் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் மயிலாள். தேரோட்டத்தில் அவளைப் பார்த்த நாளிலிருந்து, கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் என்று நஞ்சப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் காலை பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் எடுப்பாக இருக்கும் என்பது பாயின் யோசனை. ஆசையாசையாகப் புது டெரிலின் சட்டை எடுத்துக் கொடுத்ததும் பாய்தான். அந்தத் துணிக்குள் காற்று நுழையாது, வேர்வையும் வெளியே போகாது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

குண்டடத்துக் கிணற்றில் பாய் வழக்கம்போல் பனியனை நனைத்துக்கொண்டார். நஞ்சப்பனும் சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

"நீ வேண்டாம் நஞ்சப்பா. புதுச் சட்டையில ஈரம் ஊறிப்போயிரும். பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னால நனைஞ்ச கோழியாட்டமா போயி நிக்கறது?"

முன்னால் உட்கார்ந்தவருக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து சுகமோ சுகம். பின்னால் உட்கார்ந்தவருக்கு வருகிற காற்றையும் பாயின் முதுகு மறைத்துக்கொண்டது. தாராபுரம் தாண்டியதும், "பாய், கொஞ்சம் நிறுத்துங்க" என்று நஞ்சப்பன் சொன்னார். பாய்க்கு வெயில் தெரியவில்லை. "இந்தா வந்துருச்சு" என்று இன்னும் முறுக்கினார்.

பெண் வீட்டு வாசலில் இறங்கும்போதே நஞ்சப்பனுக்கு நாக்குக் குழறியது. ஜமுக்காளத்தில் உட்கார வைத்த சற்று நேரத்தில் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்து, அப்படியே சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் அடித்துக் கட்டிலில் கிடத்தினார்கள். பெண்ணின் பெரியப்பா லிங்கசாமி பாயைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்பிள்ளைக்கு வலிப்புங்களா?"

"ஐயோ, இல்லீங்க. வெயிலுங்க."

"நீங்களும் அதே வெயில்ல, அதே வண்டியிலதானுங்க வந்தீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

பாயின் கை சட்டைக்குள் போனது. பனியன் அதற்குள் காய்ந்துபோயிருந்தது. ஈரம் இருந்தால் அவிழ்த்தே காட்டியிருக்கலாம். காய்ந்தால்தான் என்ன, வாயால் சொல்லியிருக்கலாம். கூட வந்தவனை நனைய விடாமல் தான் மட்டும் நனைந்துகொண்டு வந்ததை எந்த முகத்தோடு சொல்வது என்று பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவர் நிமிர்வதற்குள் லிங்கசாமி உள்ளே போய்விட்டார். சம்பந்தம் அதோடு முறிந்தது.

இரண்டு நாளில் நஞ்சப்பன் எழுந்து நடமாடினார். அப்புறம் இன்றுவரை அவருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. ஆனால் வலிப்புக்காரர் என்ற பேர் அவருக்கு முன்னால் திருப்பூர் வந்து சேர்ந்துவிட்டது. பிறகு எந்த வீட்டிலும் பெண் கொடுக்கவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு ஒண்டிக்கட்டையாக அறைக்குப் போகிறார். பாயை ஒரு வார்த்தை கேட்டதில்லை. "உடுங்க பாய், நம்ம நேரம்" என்பதோடு சரி. "ரெண்டு அடி அடிச்சிருந்தான்னாக்கூட மனசு ஆறிப்போயிருக்குமுங்க" என்று பாய் சொல்லும்போது பார்க்கப் பாவமாக இருக்கும்.

மயிலாளை வெள்ளகோவிலில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருமூர்த்திக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஆர்டர் கேட்டு அந்தக் கடைக்குள் ஏறிய பிறகுதான் பாய்க்கு அது தெரிந்தது. வருஷக்கணக்கில் போய் வருகிறார். கடையில் இருக்கும் மயிலாளோடு சைஸ், டஜன், விலை தவிர வேறு பேசியதில்லை.

இந்தக் கோடையில் ஒரு நாள் அந்தக் கடைத்தெருக் குழாய் வறண்டு கிடந்தது. திருமூர்த்தி சாப்பிடப் போயிருந்தார். பாய் மயிலாளிடம் கேட்டுக்கொண்டு, கடையின் பின்னால் இருந்த தொட்டியில் பனியனை முக்கி மாட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, ஈரத்தைப் போட்டுக்கறீங்க? சளி புடிக்காதுங்களா?"

"பழக்கமுங்க அம்மிணி. வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட நாள்லயிருந்து இப்படித்தான். இது ஒண்ணு இருந்துச்சுன்னா எந்த வெயிலும் தெரியாதுங்க."

பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த மயிலாள் கையை நிறுத்தினாள்.

"எங்கூட்டுக்கு வந்தன்னைக்கும் போட்டிருந்தீங்களா?"

"ஆமாங்க."

"அவரு?"

"அவரும் நனைக்கத்தான் வந்தாருங்க. நாந்தான் வேண்டாமுன்னு தடுத்துப்போட்டேன்."

"அப்ப அது சீக்கு இல்லீங்களா?"

"இல்லீங்க. வெயிலுங்க."

மயிலாள் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"மூணு நாளு சோறு திங்காம அழுது பார்த்தனுங்க. சீக்குக்காரனுக்கா கழுத்தை நீட்டறேங்கறயின்னு எங்கப்பன் கேட்டுப்போட்டாருங்க. எனக்குத் திருப்பிச் சொல்ல ஒண்ணுமில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமுங்களே."

பாய் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். தெருவில் தார் இளகிக் கிடந்தது. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். கிளம்பினால் ஈரத்தில் காற்றுப் படும், வெயில் தெரியாது. உதைக்கத் தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தார். பிறகு அந்தக் கனத்த வண்டியை இரண்டு கையாலும் பிடித்து, கிளப்பாமலே, தெருக்கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டு நடந்தார்.