தோல் சட்டை போட்ட கம்ப்யூட்டர்

செத்துப்போன விண்டோஸைச் சாகப்போகிற கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் மூச்சுவிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் தொழில்.

'இன்னும் சில நிமிடங்கள்' என்று திரை சொல்வதை நம்பி மதியச் சோற்றை மறந்த சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆம்பூரில் என்னை 'லீடர்' என்பார்கள். பாதிப் பேர் மரியாதையாக, மீதிப் பேர் நக்கலாக. தோல் பதனிடும் டேனரி டேனரியாகப் போய்த் தொழிற்சங்கத்துக்கு கேட் மீட்டிங் போட்டவன். கல்லூரிப் படியை மிதித்ததில்லை. துண்டுப் பிரசுரங்களைப் படித்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொண்டேன். பிறகு அவற்றை நானே எழுதினேன். சங்க ஆபீசுக்கு யாரோ தலைமுழுகிவிட்டுப் போன ஓட்டைக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கக் கற்றேன். அது படுத்தபோதெல்லாம் பிரித்து மாட்டவும் கற்றேன். வேலையைவிட்டு என்னை நீக்கிய பிறகு எந்த டேனரியும் சேர்த்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டேன். இன்றைக்கு அதே டேனரிகள் போன் போட்டுக் கூப்பிடுகின்றன. மனிதனை வயசாவதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்புகிறவர்கள், கம்ப்யூட்டரை மட்டும் கிழடுதட்டிய பிறகும் விடுவதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு டேனரியில், ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு நான் பட்ட பாடு இது.

கேட் திறந்தது

கூப்பிட்டவர் மேனேஜர் தாமோதரன். பல வருஷங்களுக்கு முன்பு என் டிஸ்மிஸ் ஆர்டரை ஒரு கையிலும் டீயை மறு கையிலும் நீட்டியவர். தோல் அளக்கும் மெஷின் நின்றுபோய்விட்டதாம். பதனிட்டு முடித்த தோல் ஒவ்வொன்றும் அந்த மெஷினுக்குள் போய் வரும். எத்தனை சதுர அடி என்று அதோடு இணைந்த கம்ப்யூட்டர் சொல்லும். அந்த அளவு இல்லாமல் ஒரு தோலும் கண்டெய்னரில் ஏறாது. கம்ப்யூட்டரில் ஓடியது விண்டோஸ் 98. அதற்கு ஆம்பூரில் என்னைவிட்டால் நாதியில்லை.

கேட்டுக்கு வெளியே சாந்தி நின்றுகொண்டிருந்தாள். அளவு மெஷினில் தோல் விடுகிற பெண். டிபன் கேரியரோடு வந்து, உள்ளே விடாததால் டிபன் கேரியரோடு நிற்கிறாள். பின்னால் அந்த செக்சன் பெண்கள் எல்லாரும். "மிஷின் ஓடலன்னா வேல இல்லன்னு திருப்பிட்டாங்கண்ணா. சனிக்கெழமக்குள்ள சரியாவலன்னா தோலையெல்லாம் ராணிப்பேட்டைக்கு அனுப்பி அளந்துக்கப் போறாங்களாம். எங்க செக்சனையே மூடிடுவாங்களாம்" என்றாள். ஆக, நான் பிழைக்கவைக்க வேண்டியது முதலாளியின் மெஷினை. பிழைக்கப்போவது இவர்கள் வேலை. ஒரு போராட்டக்காரனை இதைவிடக் கேவலமாக மடக்க முடியாது. திரும்பிப் போய்விடச் சொன்னது என் ரோஷம். அந்த டிபன் கேரியர் போகவிடவில்லை.

ஒரு காலத்தில் இதே கேட்டை என் மூக்குக்கு முன்னால் இழுத்துச் சாத்திய வாட்ச்மேன் முனுசாமி, இப்போது இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டுச் சொன்னான்: "பாத்தியா லீடரு, ஒனக்கு கேட்டு தெறக்கணும்னா உள்ள ஒரு கம்ப்யூட்டரு சாவ வேண்டியிருக்குது!"

சட்டை

அளவு அறையில் கம்ப்யூட்டரைத் தேடினேன். மேசைக்கு அடியில் ஏதோ கறுப்பு மூட்டை. குனிந்து பார்த்தால் மூட்டை இல்லை, சட்டை. தூசி போகக்கூடாது என்று கம்ப்யூட்டருக்கு அளவெடுத்து, அசல் தோலில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். உள்ளே சாட்டின் லைனிங். ஓரமெல்லாம் இரட்டைத் தையல். பித்தளை பட்டன்கள். பவர் சுவிட்சுக்கு மட்டும் ஒரு காஜா. ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிற இடத்தை அடைத்து, கம்பெனி முத்திரையை அழுத்திப் பதித்திருந்தார்கள். வேறு ஊர்க்காரன் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டிருப்பான். எங்கள் ஊர்க்காரனுக்கு எதைப் பார்த்தாலும் தோல் போர்த்தத்தான் தோன்றும்.

பட்டன்களைக் கழற்றினேன். ஃபேன் என்றைக்கோ நின்றிருந்தது. ஹார்ட் டிஸ்க் வெந்து செத்திருந்தது. மழைக்கோட்டு போட்டுவிட்டு வெயிலில் ஓடவிட்ட மாதிரி கொன்றிருக்கிறீர்கள் என்றேன். தாமோதரனின் முகம் சுருங்கியது. சட்டையை எடுத்துத் தட்டி, மடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இன்னா லீடர் இப்டி சொல்லிட்ட? ஃபுல் கிரெய்னு, எக்ஸ்போர்ட் அயிட்டம்! என் பொண்ணு ஹேண்ட்பேக் தெச்சிக் குடுன்னு கேட்டும் குடுக்காம இதுக்குப் போட்டேன்!"

சின்ன முதலாளியின் யோசனை

முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன். என்ன படித்தான் என்று டேனரியில் யாருக்கும் தெரியாது. அவன் உட்பட என்று நினைக்கிறேன். வந்ததும் மூக்கைப் பிடித்தான். அது தோல் நாற்றத்துக்கா, கம்ப்யூட்டரைப் பார்த்தா என்று தெரியவில்லை. "விண்டோஸ் 98-ஆ? நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்தது அங்கிள்" என்று சிரித்தான். தன் கையிலிருந்த புத்தம்புது லேப்டாப்பை மேசையில் வைத்து, "இதுல போட்டுடுங்க" என்றான். அதன் தடிமன் ஒரு சப்பாத்தி.

நான் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினேன். உள்ளே கையகல கார்டு ஒன்று செருகியிருந்தது. மெஷின் அனுப்புகிற அளவை வாங்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்த கார்டுதான். இதைச் செருகுகிற பள்ளம் இன்றைய கம்ப்யூட்டர் எதிலும் கிடையாது. கார்டைச் செய்த கம்பெனியும் இப்போது கிடையாது. அதனால் இதே கம்ப்யூட்டர், இதே விண்டோஸ், வேறு வழியில்லை என்று விளக்கினேன். என் பின்னாலேயே உள்ளே வந்து அறை வாசலில் நின்ற சாந்திக்கும் மற்ற பெண்களுக்கும் ஒரே தடவையில் புரிந்த விஷயம். அவன் கார்டை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். போனில் படம் எடுத்தான். பிறகு என் தோளில் கை வைத்துக் கேட்டான்:

"இந்த கார்டை ஸ்கேன் பண்ணி கிளவுட்ல ஏத்திட முடியாதா அங்கிள்?"

வேலூரில் ஒரு டிஸ்க்

சட்டைக்குள் வெந்துபோன டிஸ்க்குக்கு மாற்று வேண்டும். கடையில் புதிதாகக் கிடைக்கிற எதையும் இந்தக் கிழட்டு கம்ப்யூட்டர் அடையாளம் காணாது; அதன் காலத்தில் அவ்வளவு பெரிய டிஸ்க் உலகத்திலேயே இல்லை. சின்னதாக, பழையதாக, ஆனால் சாகாததாக ஒன்று வேண்டும். இப்படிப்பட்ட மாப்பிள்ளையைத் தேடுகிற நிலைமை உங்களுக்கும் வந்திருக்கும். பஸ் ஏறி வேலூருக்குப் போனேன்.

நயாஸ் பாய் பழைய கம்ப்யூட்டர்களை உடைத்து விற்கிறவர். நான் கோஷம் போட்ட காலத்திலேயே பழக்கம். அவருடைய கடையில் டிஸ்குகளைச் செங்கல் மாதிரி அடுக்கியிருப்பார். ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காதில் வைத்துக் கேட்டேன், கரகரவென்றது. வேண்டாம் என்றேன். இன்னொன்று, சுற்றவே இல்லை. இன்னொன்று, விசில் அடித்தது. இப்படியே சாயங்காலம் வரை கழிந்தது. வேறு கடைக்காரராக இருந்தால் துரத்தியிருப்பார். இவர் டீ சொல்லிவிட்டுத்தான் திட்டினார். கடைசியில் அமைதியாகச் சுற்றிய ஒன்று கிடைத்தது. அதையும் கையில் வைத்துக்கொண்டு, இது எத்தனை நாள் தாங்கும் பாய் என்று கேட்டுவிட்டேன்.

"பேஜார் பண்ணாத தோஸ்த். நீயும் நானும் எத்தினி நாளு தாங்குவோம்னு கேரண்டி இருக்குதா? எடுத்துக்கினு கெளம்பு!"

ஊதுவத்தி

டிஸ்கை மாட்டி, விண்டோஸ் 98-ஐ ஏற்றினேன். பாதியில் திரை நீலமானது. மறுபடி ஏற்றினேன். மறுபடி நீலம். மெமரியை இடம் மாற்றிப் போட்டதும் ஒருவழியாக வழிக்கு வந்தது. அடுத்தது அளவு மெஷினின் புரோகிராம். அது ஒரு ஃபிளாப்பியில் இருந்தது. ஃபிளாப்பியையும் தோல் பையில்தான் போட்டு வைத்திருந்தார்கள். இவர்கள் தோல் போர்த்தியதில் உருப்படியானது அது ஒன்றுதான். செருகினேன். பாதிக்கு மேல் போகவில்லை.

டிரைவைக் கழற்றிக் கவிழ்த்தேன். சாம்பல் கொட்டியது. கூடவே ஒடிந்த ஊதுவத்திக் குச்சிகள். எத்தனையோ ஆயுத பூஜைகளின் மிச்சம். மெஷினுக்குப் பொட்டு வைத்தவர்கள் கம்ப்யூட்டருக்கும் வைத்து, ஃபிளாப்பி போடுகிற வாயில் ஊதுவத்தியைச் செருகிக் கொளுத்தியிருக்கிறார்கள். நான் சாமி இல்லாதவன். என்றாலும் சாமி இருந்து, இதைப் பார்த்திருந்தால் என் பக்கம்தான் பேசியிருக்கும். சுத்தம் செய்துகொண்டே, இதை யார் செய்தது என்று அதட்டினேன். தாமோதரனுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

"இன்னா லீடர் கோச்சிக்கிற? வத்தி நிக்கறதுக்கு இதுல வேற எங்க ஓட்ட இருக்குது, நீயே சொல்லு!"

கறுப்பு

வெள்ளிக்கிழமை புரோகிராம் ஏறியது. திறந்தது. 'கார்டு இல்லை' என்றது. கார்டு என் கண் முன்னால் இருக்கிறது; கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லையாம். அறை வாசலில் சாந்தியும் மற்ற பெண்களும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் சனிக்கிழமை. முற்றத்தில் ராணிப்பேட்டைக்குப் போக லாரி வந்து நின்றுவிட்டது.

கார்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். செருகுகிற ஓரத்தின் பற்களெல்லாம் கறுத்துக் கிடந்தன. அப்போதுதான் உறைத்தது. தோலிலிருந்து மயிர் நீக்குவதற்குச் சுண்ணாம்பு யார்டில் சல்பைடு போடுகிறார்களே, அந்த அழுகிய முட்டை நாற்றம் செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். பெருமழையால் ஜன்னல்களைச் சாத்திவிட்டு எல்லா நாற்றத்தையும் உள்ளேயே அடைகாத்திருக்கிறார்கள். ஒரு பென்சில் ரப்பரை எடுத்து, பல் பல்லாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினேன். திரையில் எண்கள் வந்தன. சாந்தி ஓடி வந்து ஒரு ஆட்டுத்தோலை மெஷினில் விட்டாள். மறுபக்கம் அளவோடு வந்தது. பெண்கள் போட்ட கூச்சலில் முதலாளியே இறங்கி வந்தார். மறுபடி இப்படி ஆகுமா என்று கேட்டார். இந்தக் காற்று இருக்கிறவரை ஆகும் என்றேன்.

சாந்தி காலைத் தூக்கி விரலைக் காட்டினாள். "ஆமா மொதலாளி, எங்க மெட்டியெல்லாம்கூட இப்டித்தான் கறுத்துப்போவுது. நெஞ்சு வேற எரியுது." முதலாளி அவள் காலைப் பார்க்கவில்லை. கார்டின் மேல் கறுப்பு எங்கே இருந்தது என்று என்னைக் காட்டச் சொன்னார். அழித்த ரப்பரின் கறுப்பையே காட்டினேன். இந்தக் காற்றைப் பற்றி கேட் மீட்டிங்கில் நாங்கள் தொண்டை கிழியக் கத்தியபோது கல்லாக நின்ற மனுஷன், பதறிப்போய் மேனேஜரைப் பார்த்துக் கத்தினார்:

"அடப்பாவிங்களா, இந்த நாத்தத்துல போயி எப்டிய்யா கம்ப்யூட்டர வெச்சிருக்கீங்க?"

கண்ணாடி அறை

லாரி காலியாகத் திரும்பியது. அளவு செக்சன் பெண்கள் சனிக்கிழமை காலை வேலைக்குப் போனார்கள். அடுத்த வாரமே கண்ணாடி அறை கட்ட ஆள் வந்துவிட்டான். ஏசி, காற்றை வடிகட்டுகிற ஃபில்டர், சத்தம் போடாத கதவு, எல்லாம் கம்ப்யூட்டருக்கு. பெண்கள் வழக்கம்போல வெளியே, நாற்றத்தில். என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரை அந்த அறைக்கு மாற்றச் சொன்னார்கள்.

மாற்ற முடியாது என்றேன். மெஷினிலிருந்து கார்டுக்கு வருகிற கேபிள் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அதைச் செய்கிறவன் இன்று எவனும் இல்லை. ஒட்டுப்போட்டு நீட்டினால் அளவு தப்பும். அளவு தப்பினால் வாங்குகிற வெளிநாட்டுக்காரன் என்ன செய்வான் என்பதை முதலாளிக்கு நான் சொல்லத் தேவையில்லை. இது அத்தனையும் உண்மை. ஆனால் ஒரு உண்மையை இவ்வளவு ருசித்து நான் எங்கேயும் சொன்னதில்லை. முதலாளி கம்ப்யூட்டரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார். "அப்ப மெஷினையும் சேத்து உள்ள வையுங்க" என்றார். மெஷின் உள்ளே போனால் தோல் விடுகிறவர்களும் எடுக்கிறவர்களும் உள்ளே போய்த்தானே ஆக வேண்டும்? அறை பெரிதானது. பெண்கள் உள்ளே போனார்கள். முதல் நாள் குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வேலை செய்ததாகச் சொன்னார்கள். யாருக்கும் நெஞ்சு எரியவில்லையாம்.

பெருமை பிடிபடாமல் நான் கேட்டைத் தாண்டும்போது சாந்தி பின்னாலேயே ஓடி வந்தாள். வாழ்த்துவாள் என்று நின்றேன். அவள் புருஷன் வேலை செய்கிற மூலையைக் கை காட்டினாள்.

"அண்ணா, சுண்ணாம்பு யார்டுல ஒரு கம்ப்யூட்டரும் இல்லண்ணா. ஒன் கடையில ஓடாத பழசு ஏதாவது கெடந்தா, அங்க கொணாந்து வெச்சிடேன்."

ஆகவே சக பாவிகளே, உங்கள் கடையில் செத்துக் கிடக்கிற கம்ப்யூட்டர் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இந்த ஊரில் மனிதன் மூச்சுவிடுவதற்கு அதுதான் சிபாரிசு செய்ய வேண்டியிருக்கிறது.