எல்லாருக்கும் ஒரே குரல்

“‘நான் எடுக்கவில்லை அம்மா’ என்றான் சமையற்காரன்” என்று படித்துவிட்டு, ஒரு தும்மலுக்காக நிறுத்தினாள் அடைக்கலமேரி. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ராயபுரத்தில் வெள்ளத்துரையின் மிளகாய்க் கிடங்கில் பகல் இரண்டு மணி என்றால் பத்திரிகைத் தொடர்கதை. கதையில் கல்யாண வீட்டு அட்டிகை காணாமல் போய்ப் பதினாறு வாரம் ஆகியிருந்தது. எடுத்தது யாரென்று தெரியவில்லை.

மேரி மாதாகோயில் பள்ளியில் ஐந்தாவது படித்தவள். நடிக்கமாட்டாள். மணப்பெண், மாமியார், சமையற்காரன், துப்பறிபவர் எல்லாருக்கும் ஒரே நிதானமான குரல். “திருடனுக்குனு தனியா ஒரு கொரலு வச்சா, அப்பால கதை இன்னாத்துக்கு?” என்பாள்.

புரட்டாசியில் அந்தக் குரல் போயிற்று. மூன்று வாரம் பேசக் கூடாது, மிளகாய் நெடியே ஆகாது என்றார் டாக்டர். வேலையைவிடக் கதைதான் அவளுக்குப் பெரிய கவலை என்று சொன்னால் பொய். இரண்டும் சரிசமமாக அரித்தன.

கிடங்கில் கணக்கர் ஞானதுரை படித்தார். நாடகப் பித்தர். சமையற்காரன் வாயைத் திறந்தால் உறுமினார். மணப்பெண்ணின் அக்காவுக்குத் தேனாகக் குழைந்தார். இரண்டாவது வாரமே, காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பச்சையம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“இன்னா நைனா, நீ உறுமறதுலயே அவன்தான்னு தெரிஞ்சிபூட்ச்சி. பேஜாரா கீது.”

“நான் என்னத்தச் செய்ய? அவன் ஆளே சரியில்லைல்லா” என்றார் ஞானதுரை.

மூன்றாம் வாரம் கடைசி அத்தியாயம் வந்தது. அதை அவர் கையில் கொடுக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு பச்சையம்மா முதலாளி முன்னால் போய் நின்றாள்.

“மேரி வரட்டும். வாசலாண்ட குந்திகினு படிக்கட்டும். அவ கிள்ற மொளகாயையும் நாங்களே கிள்ளிடறோம்.”

“வேலை நிக்கப்படாது, பாத்துக்கிடுங்க” என்றார் வெள்ளத்துரை.

திங்கட்கிழமை அடைக்கலமேரி வந்தாள். குரல் பாதி, காற்று பாதி. பெண்கள் முறங்களை இழுத்துக்கொண்டு அவளருகே நகர்ந்தார்கள். கடற்காற்று அவளிடமிருந்து மிளகாய்ப் பக்கம் வீசும்படி பார்த்து உட்கார்ந்தார்கள். ஞானதுரையும் காதில் பேனாவோடு வந்து நின்றார். சமையற்காரனும் அக்காவும் மறுபடி ஒரே குரலில் பேசப் பேச, எல்லார் மேலும் சந்தேகம் வந்தது.

“அக்காக்காரியா இருக்குமோ?” என்று முணுமுணுத்தாள் நீலா. அந்தக் கூட்டத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த இன்னொருத்தி அவள்தான். மேரியின் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

கிள்ளும் கைகள் நின்றுவிட்டன. அடைக்கலமேரி கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். புரட்டியதும், நீலாவின் கண் முந்திவிடாமல் உள்ளங்கையை அகல விரித்து, கீழ்ப்பாதியை மூடிக்கொண்டாள்.