மறைப்பின் ஓரமாக எட்டிப் பார்த்தவன்

நானும் ஜெனிஃபரும் போர்ட் பிளேரை அடுத்த புரோத்ராபூரில் ஒரே தெருக்காரர்கள். கடல் தாண்டி மெயின்லேண்டில் ஒரே பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றோம். மேகத்துக்குள்ளும் ஓட்டத் தகுதி தரும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் அவளுக்குத்தான் முதலில் கிடைத்தது. அவள் அப்பா மீன்பிடி டிங்கிப் படகை விற்றுக் கட்டணம் கட்டினார். என் அப்பா கான்ட்ராக்டர்; பணத்துக்குக் குறைவில்லை. அப்படியும் முந்திவிட்டாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்த ரேட்டிங்குக்கு, வெளியே தெரியாதபடி முகத்தில் மறைப்பு மாட்டிக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்துப் பல மணி நேரம் ஓட்ட வேண்டும். தடுமாறினால் இன்னும் தாமதமாகுமே என்று, மறைப்பின் ஓரமாகத் திருட்டுத்தனமாக வெளியே பார்த்தே ஓட்டினேன். அந்த மணி நேரங்களையும் பயிற்சிக் கணக்காக லாக் புக்கில் எழுதினேன்.

ஒருநாள், எனக்குப் பதிலாக வெளியே பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு பைலட்டாக ஜெனிஃபரே பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஓரமாக எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள். டவரிடம் அனுமதி வாங்கி, மேகத்துக்குள் போகச் சொன்னாள்.

"மறைப்பைக் கழட்டுடா. இப்ப எட்டிப் பாரு!"

வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. நேராகப் போவதாகத்தான் உடம்பு சொன்னது. விமானமோ ஒரு பக்கமாகச் சாய்ந்து வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அரே, சோட் தே! கையை எடு!" என்று கத்தியவள், விமானத்தைத் தன் கைக்கு வாங்கி நிமிர்த்தினாள்.

இறங்கியதும் தலைமைப் பயிற்சியாளரிடம் உண்மையைச் சொன்னேன். அந்த மணி நேரங்களை லாக் புக்கிலிருந்து அடித்து நீக்கிவிட்டார்கள். மறுபடி கட்டணம், மறுபடி பயிற்சி.

இப்போதெல்லாம் மறைப்பின் ஓர இடைவெளியில் நானே கறுப்பு டேப் ஒட்டிக்கொள்கிறேன். பொறாமை மட்டும் போகவில்லை. முன்பு அவள் ரேட்டிங் மீது இருந்தது. இப்போது அந்த மேகத்தில் நடுங்காத அவள் கை மீது.