மூன்றாவது சிலிண்டரின் கரி

அம்மா கார் ஓட்டப் பழகியதிலிருந்து எங்கள் மெட்டுகுடா சந்தில் எல்லோருக்கும் கார் சாஸ்திரம் தெரிந்துவிட்டது. அப்பா ஓட்டியவரை அது வெறும் சின்னச் சிவப்புக் கார். அம்மா கைக்கு வந்ததும் அதன் கிளட்ச், கியர், பிரேக் ஒவ்வொன்றுக்கும் தெருவில் ஒரு பாதுகாவலர் முளைத்தார். அவர்களில் முதல்வர் எதிர்வீட்டுப் பெரியவர். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டியதில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செகந்திராபாத். அவருடைய தமிழில் அங்கங்கே உருது ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா திருநெல்வேலிக்காரி. நான் இரண்டு தமிழையும் புரிந்துகொண்டு தெலுங்கில் பதில் சொல்கிற ரகம். அம்மாவுக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. மாத்திரைகள் கடைக்குப் போவதற்குமுன் அவற்றில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். அந்த மழைக்காலத்தில், ஊருக்கு வெளியே திறக்கப்போகும் புதுக் கிளையின் சோதனைக்கூடத்தை அவள் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே கம்பெனி பஸ் போகாது. அதனாலென்ன, கார் இருக்கிறதே என்று அம்மா தெம்பாக இருந்தாள்.

அந்த வாரம்தான் கார் நின்றது. மழைச் சாயங்காலம். அம்மா ஆட்டோவில் தொப்பலாக நனைந்து வந்து இறங்கினாள்.

"டமார்னு ஒரு சத்தம். அதோட நின்னுட்டு" என்றாள்.

"தண்ணியில விட்டிருப்பே" என்றார் அப்பா.

"டயர்ல பாதிதான் தண்ணி இருந்துச்சு."

"பாதின்னு எப்படித் தெரியும்? இறங்கிப் பாத்தியா?"

"பாத்தேன்."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன், மழையில வண்டி எடுக்க நக்கோன்னு" என்று முடித்துக்கொண்டார். நக்கோ என்றால் வேண்டாம். அம்மா சாவியைக் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் மாட்டினாள். மறுநாளிலிருந்து பஸ், ஷேர் ஆட்டோ. ஒருநாள் போனில் அவள் பேசியது என் காதில் விழுந்தது: "மாசக் கடைசிக்குள்ள சொல்லுதேன் சார். அநேகமா நீங்க வேற ஆளு பாக்க வேண்டியிருக்கும்."

கயிறு கட்டி இழுத்து வந்த கார், வீட்டின் கீழ் பார்க்கிங்கில் கிடந்தது. பார்க்க வந்த மெக்கானிக் எஞ்சினையே மாற்றச் சொன்னார். அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, மாதாப்பூரில் சாஃப்ட்வேர். வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கலாம் என்று அவர் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். எந்த வீடு என்று சொல்லவில்லையாம். அதுவரை அவர் பிரித்த ஒரே வண்டி அவருடைய பைக். ஆனால் எஞ்சின் பிரிக்கும் வீடியோக்களை, மற்றவர்கள் சினிமா பார்ப்பது மாதிரி பார்ப்பவர். "அத்தான், நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அப்பா "ம்" என்றார்.

காரின் கூரைமேல் லேப்டாப். கை முழுக்க கிரீஸ். மீட்டிங்கில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மாமா முழங்கையால் பட்டனை அமுக்கி "யெஸ், யெஸ்" என்பார். பள்ளி விட்டு வந்ததும் நான் அங்கேதான். ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து எஞ்சினின் படத்தை வரைந்தேன். கழற்றிய போல்ட் ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைத்தேன். திரும்ப மாட்டும்போது தடுமாறக் கூடாதில்லையா? இன்றைக்கும் அதைவிட நல்ல வரைபடம் நான் போட்டதில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் நாற்காலியோடு வந்துவிட்டார். "கைக்கு தம்பி, எதுக்கு இவ்வளவு பிரிச்சிப் போட்டே? ரயில் எஞ்சின் ஓட்டினவன் சொல்றேன். லேடீஸ் கால் கிளட்ச் மேலயே இருக்கும். அதான் எஞ்சின் போச்சி."

"கிளட்சுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல அங்கிள்."

"எல்லாத்துக்கும் சம்பந்தம் இருக்கு" என்று அவர் டீ கேட்டார்.

முதலில் காற்று வடிகட்டியைத் திறந்தோம். எஞ்சின் மூச்சு விடுகிற மூக்கு அது. தண்ணீர் குடித்திருந்தால் அது நனைந்து சேறாகியிருக்க வேண்டும். உலர்ந்த தூசிதான் இருந்தது. மாமா அதை என் மூக்கருகே பிடித்து, "நனைஞ்ச வாடை அடிக்கா?" என்றார். இல்லை. அடியில் எண்ணெய்த் தட்டைக் கழற்றினால் உடைந்த அலுமினியத் துண்டுகள். மூன்றாவது பிஸ்டனின் அடி ஓரம் சிதறியிருந்தது. அதைத் தாங்கும் இரும்பு ராட் லேசாக வளைந்து, குட்டையாகி, பிஸ்டன் கீழே வரும்போதெல்லாம் சுழலும் தண்டில் போய் இடித்திருக்கிறது. ராட் வளைவது எஞ்சின் தண்ணீர் குடித்தால்தான் என்றார் மாமா. எனக்குக் குழப்பம். மூக்கே நனையவில்லையே?

அவர் என்னைத் தூக்கி எஞ்சினுக்குள் டார்ச் அடித்தார். மூன்று சிலிண்டர்கள், மூன்று குட்டிக் கிணறுகள். முதல் இரண்டிலும் மேல்விளிம்பில் மையிட்டது போல மெல்லிய கரிக்கோடு. மூன்றாவதில் மட்டும் அகலமான கரிப்பட்டை.

"பிஸ்டன் எட்டாத இடத்துலதான் கரி படியும். இந்தப் பிஸ்டன் மேல வர எட்டாமலே ஓடியிருக்கு. இவ்வளவு கரி ஒரு நாள்ல படியுமா ஏட்டி? ராட் வளைஞ்சு பல மாசம் ஆயிருக்கும்."

என் தலைக்குள் பல்பு எரிந்தது. போன வருட மழையில் அப்பா ஓர் இரவு காரைப் பாலத்தடியில் விட்டுவிட்டு, கை நிறைய உஸ்மானியா பிஸ்கட்டோடு வந்தார். பேட்டரி இறங்கிவிட்டது என்றார். கார் இரண்டு நாள் கழித்து வந்தது. அதன் தரைவிரிப்புகள் மொட்டைமாடியில் வாரம் முழுக்க நாறிக்கொண்டு காய்ந்தன.

"மாமா! லாஸ்ட் இயர் நான்னா பிரிட்ஜ் கிந்த..." என்று நான் கத்தினேன். போன வருடம் அப்பா பாலத்தடியில் என்று பாதி சொல்வதற்குள் மாமா என் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தார். தின்று முடிப்பதற்குள் இன்னொன்று.

"இங்க பாரு. இத நீ சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது. சொல்ல வேண்டிய ஆளு சொல்லட்டும்."

எனக்கு மகா கோபம். அம்மாமேல் தப்பே இல்லை என்பதற்குக் கரியால் எழுதிய சாட்சி கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பிஸ்கட் தின்பதா? அன்று அம்மா வேலையிலிருந்து வந்ததும் கீழே எட்டிப் பார்த்தாள். டார்ச்சை வாங்கி ஒவ்வொரு சிலிண்டராக அடித்தாள். மூன்றாவதில் விரலை ஓட்டி, விரல் நுனியைப் பார்த்தாள். நான் வெடித்துவிடும் நிலையில் மாமாவைப் பார்த்தேன். அம்மா விரலைத் துடைத்துக்கொண்டு, "காப்பி வேணுமாலே?" என்று மாமாவிடம் கேட்டுவிட்டு மேலே போனாள். குறை கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்திருப்பவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

மறுநாள் அப்பா ஆபீஸிலிருந்து வந்தபோது மாமா அவர் கையில் டார்ச்சைக் கொடுத்தார். "ஒரு நிமிஷம் உள்ள அடிச்சிட்டே இருங்க அத்தான். மேனேஜர் கூப்பிடுதாரு." போனவர் திரும்பவில்லை. லேப்டாப் மூடித்தான் கிடந்தது, எனக்குத் தெரியும். அப்பா சும்மா நின்றார். பிறகு குனிந்து பார்த்தார். மூன்றாவது கிணற்றில் வெளிச்சம் வெகுநேரம் நின்றது. டூல் பெட்டிமேல் கிடந்த ராடை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அப்புறம் மேலே போய், லுங்கி கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

சட்டையில் மைக்கறை பட்டாலே முகம் சுளிக்கிறவர் அவர். அதன்பின் தினமும் சாயங்காலம் கார்ப்பக்கம் உட்கார்ந்தார். வால்வுகளுக்குத் தேய்க்கும் பசை தடவி, அவற்றில் மாட்டிய பிடிக்குச்சியை உள்ளங்கைகளுக்கிடையே வைத்து மோர் கடைவது போல உருட்டி உருட்டித் தேய்த்தார். "போதும் அத்தான், பளபளன்னு வந்துட்டு" என்று மாமா சொன்னாலும் நிறுத்தமாட்டார். புது ராட், புது பிஸ்டன் வந்தன. என் அட்டையிலிருந்து போல்ட்கள் ஒவ்வொன்றாக எஞ்சினுக்குத் திரும்பின. கடைசியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதைப் பள்ளி முழுக்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை. மாதம் முடிய இன்னும் சில நாட்களே. சந்தே கூடிவிட்டது. அப்பா காலண்டர் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து அம்மாவிடம் நீட்டினார்.

"நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க."

"நக்கோ. நீ பண்ணு."

அம்மா உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது, வெள்ளையாகப் புகை விட்டது, பிறகு தையல் மிஷின் மாதிரி சீராக ஓடத் தொடங்கியது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

எதிர்வீட்டுப் பெரியவர் அப்பாவின் தோளைத் தட்டினார். "இனிமேயாவது மேடம் கையில குடுக்காதே."

"அவமேல தப்பில்ல சாப்" என்றார் அப்பா. "ராட் போன வருஷமே வளைஞ்சிருக்கு."

"ஹவ்? அப்படியா? போன வருஷம் ஓட்டினது யாரு?"

இதோ வந்துவிட்டது, சொல்ல வேண்டிய ஆள் இதோ சொல்லப்போகிறார் என்று மூச்சைப் பிடித்தேன். அப்பா வாயைத் திறந்தார். காது சிவந்திருந்தது.

"ஏறுங்க, நேரமாச்சு" என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "புது யூனிட்டுக்கு வழி பாத்துட்டு வரணும்லா?"

அப்பா இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். கார் சந்தைத் தாண்டிப் போனது. அம்மா ஏன் அந்த நேரம் பார்த்துக் குறுக்கே பேசினாள் என்று எனக்கு அழுகையே வந்தது.

அன்று மாலை வளைந்த ராடை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டுத் தேய்த்து, அம்மா சமையலறைக்குக் கொண்டுபோனாள். இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளுகிறதாம். மேலே வைக்கக் கனமாக ஒன்று வேண்டுமாம். அம்மா எதையும் வீணாக்கமாட்டாள் என்று நம்பினேன்.

இப்போது நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். போன லீவில் வீட்டுக்குப் போனபோது மாமாவிடம் கேட்டேன்: கடைசிவரை அம்மாவுக்குத் தெரியாமலே போய்விட்டதா?

மாமா சிரித்தார். "மாத்திரையில ஒரு புள்ளி இருந்தா ஒரு லோடையே திருப்பி அனுப்புறவ ஏட்டி உங்கம்மா."

மறுநாள் அம்மா விடிவதற்குமுன் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். எனக்குத் தோசை ஊற்ற அப்பா வந்தார். மாவுப் பாத்திரத்தின் மேலிருந்த ராடைத் தூக்கி ஓரமாக வைத்தார். இரண்டு கரண்டி மாவு எடுத்தார். பாத்திரத்தை மூடினார். பிறகு ராடை ஈரம் போகத் துண்டால் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.