அமிர்தலிங்கம் சார் வரைந்த இதயம்

பாடம் முடிந்ததும் ஜெயசுதா டீச்சர் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். "புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே கூரை அதிரக் கத்தும். நம் ஊர்ப் பள்ளிகளில் அந்தச் சத்தத்தை எந்த வாத்தியாரும் நம்புவதில்லை. பாவம், ஜெயசுதா நம்பினார்.

பூலாம்பாடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே ஸ்மார்ட் போர்டு வந்திறங்கியபோது, தூசி படாமல் எதைப் போர்த்தி வைக்கலாம் என்றுதான் மற்ற ஆசிரியர்கள் யோசித்தார்கள். ஜெயசுதா மட்டும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். பத்தாம் வகுப்பு அறிவியலைப் பாடம் பாடமாக வீடியோவாக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கத் தன் குரலைப் பதிவு செய்வார். அதில் இதயம் துடிக்கும், ரத்தம் சிவப்பும் நீலமுமாய் ஓடும். மகள் அபிநயாவும் அதே வகுப்பில்தான் படித்தாள். "எப்படிடி இருக்கு?" என்றால் "சூப்பர்ம்மா" என்பாள். அந்த ஒரு சொல் போதும், ஜெயசுதா அடுத்த பாடத்தைத் தொடங்கிவிடுவார்.

இந்த வீடியோக்களை மற்றப் பள்ளிகளுக்கும் கொடுக்கலாமா என்று பார்க்கத் திங்கட்கிழமை ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. பிள்ளைகளிடம் கேட்டுத்தான் முடிவு செய்வாராம். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க, தாம்பாளத்தோடு கணக்கு வாத்தியார் அமிர்தலிங்கம் வீட்டுக்குப் போனார். வாசலில் ஏகப்பட்ட செருப்புகள். தோழி கவியா வீட்டில் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய அபிநயாவின் செருப்பும் அதில் கிடந்தது. பக்கத்துத் தகரக் கொட்டகையில் பத்தாம் வகுப்பே உட்கார்ந்திருந்தது. கரும்பலகையில் சார் ஓர் இதயம் வரைந்திருந்தார். கணக்கு வாத்தியார் கை அல்லவா, பார்க்கக் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. அதைக் காட்டி அபிநயா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், வால்வு மூடலன்னா ரத்தம் திரும்பி வந்துடுமா?"

அம்மா தோசை ஊற்றும்போது கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

அமிர்தலிங்கம் பதறி எழுந்து வந்தார். "வாங்க டீச்சர். புள்ளைங்க வந்து கேட்டுச்சுங்க, சொல்லித் தரேன். உங்களுக்குத் தெரிய வேணாம்னுச்சுங்க."

"எப்பலேர்ந்து சார்?"

"காலாண்டுப் பரீட்சைலேர்ந்து."

"குடும்பத்தோட வந்துடுங்க" என்று தாம்பாளத்தை நீட்டிவிட்டுத் திரும்பினார் ஜெயசுதா.

வீட்டுக்கு வந்த மகளைப் பிடித்துக்கொண்டார். "நல்லால்லன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடி?"

"நல்லாத்தாம்மா இருக்கு. முன்னாடி நீ போர்டுல எழுதிப் போடுறப்ப, எங்க மூஞ்சியப் பாத்தே யாருக்குப் புரியலன்னு கண்டுபிடிச்சுடுவ. இப்ப நீயும் எங்களோட சேந்து வீடியோவத்தான் பாக்குற."

"அத எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

அபிநயா புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை அதிகாரி முன்னால் புதுப் பாடத்தின் வீடியோ ஓடியது. அன்று ஜெயசுதா திரையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தார். பாதிப் பேருக்குப் புரியவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. இத்தனை மாதம் எப்படித் தெரியாமல் போயிற்று?

"பயப்படாம சொல்லுங்க. இதப் பாத்தா பாடம் மனசுல நிக்குதா?" என்றார் அதிகாரி.

உழைத்ததெல்லாம் வீணானாலும் போகிறது, ஒரு பிள்ளையாவது உண்மையைச் சொல்லட்டும் என்று ஜெயசுதா தவித்தார். அபிநயா எழுந்தாள். சொல்லிவிடடி என்று மனம் கெஞ்சியது.

"இந்த வீடியோ இருந்தா வேற யாரும் சொல்லித் தரவே வேணாம் சார்."

வகுப்பு கைதட்டியது. கதவோரம் நின்ற அமிர்தலிங்கமும் தட்டினார். அதிகாரி டீச்சருக்கு வாழ்த்துச் சொல்லி, மாவட்டம் முழுக்க இதையே கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஸ்கூட்டியில் வீடு திரும்பும்போது ஜெயசுதாவே கேட்டார். "இன்னிக்காவது சொல்லியிருக்கலாமேடி?"

பின்னால் இருந்து பதில் வந்தது. "நீ அழுதுடுவம்மா. அதான் எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம்."

எல்லாரும். அடம்பிடிக்கும் சின்னப் பிள்ளையைச் சமாளிப்பதுபோல் ஒரு வகுப்பே கூடித் தன்னைச் சமாளித்திருக்கிறது. பெற்ற மகளும் அதில் ஒருத்தி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மகளுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று, துடைக்காமலேயே வண்டியை ஓட்டினார்.